ஒன்பது வயது ரோமப் பேரரசன்: டயடுமேனியன் கதையில் வழுக்கும் இடங்கள்

ரோம வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களும் காணொளியில் பேசுகிறவர்களும் சீசர், நீரோ எல்லாம் முடிந்ததும் எப்படியோ குழந்தைப் பேரரசர்கள் பக்கம் வந்து சேர்கிறார்கள். அதில் அடிக்கடி சிக்குகிறவன் டயடுமேனியன். தந்தை மக்ரீனஸோடு சேர்த்துப் பேரரசன் என்று அறிவிக்கப்பட்டு, சில வாரங்களிலேயே கொல்லப்பட்ட சிறுவன். அவனைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி முடித்துவிடலாம். மீதியிருக்கும் வெற்றிடத்தை நிரப்பப் போகும்போதுதான் தவறுகள் நுழைகின்றன.

முதலில் பின்னணி. கி.பி. 217 ஏப்ரல் 8-ஆம் தேதி, காரே நகருக்குப் போகும் வழியில் பேரரசர் கரகல்லா கொல்லப்பட்டார். மெய்க்காவல் படைத் தலைவராக இருந்த மக்ரீனஸ் அடுத்த சில நாட்களில் பேரரசர் ஆனார். அவருக்கு ஊர் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் செர்செல். ரோமின் ஆலோசனை அவையான செனட்டில் உறுப்பினராகக்கூட இருந்ததில்லை; அப்படி ஒருவர் பேரரசர் ஆனது அதுவே முதல் தடவை. படைவீரர்களுக்கோ இறந்துபோன கரகல்லாமீது தீராத பாசம். இந்த இக்கட்டில்தான் எட்டு வயது மகன் உள்ளே இழுக்கப்படுகிறான்.

இனி தவறுகளுக்கு வருவோம். நம் ஆட்கள் கை முதலில் போவது "முடிசூட்டு விழா"வுக்கு. அரியணை, செங்கோல், குருமார், மங்கல இசை என்று வர்ணனை தொடங்கிவிடும். நமக்குச் சோழர் கதை படித்த பழக்கம். ரோமில் அப்படி ஒரு சடங்கு கிடையாது. படைவீரர்கள் கூடிப் பெயர் சொல்லி முழங்குவார்கள், செனட் ஒப்புதல் தரும், உடையில் பேரரசருக்கே உரிய ஊதா நிறம் ஏறும், அவ்வளவுதான். "ராஜா" என்ற பட்டமே ரோமர்களுக்கு ஆகாது. தகப்பனுக்குப் பின் மகன்தான் என்று சட்டமும் இல்லை. சட்டம் இல்லாததால்தான் தந்தைமார் தாங்கள் உயிரோடு இருக்கும்போதே மகனுக்குப் பட்டம் கொடுத்து வைக்க அவசரப்பட்டார்கள். இது பிடிபட்டால், எட்டு வயதுப் பையனுக்கு எதற்குப் பட்டம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்த குழப்பம் பட்டங்களில். "சீசர்" வேறு, "அகஸ்டஸ்" வேறு. அந்தக் காலத்தில் சீசர் என்றால் ஏறக்குறைய நம் பட்டத்து இளவரசர். அகஸ்டஸ் என்றால் முழுப் பேரரசர். டயடுமேனியன் 217-இல் யூப்ரடீஸ் கரையிலுள்ள சியூக்மா நகரில் சீசர் ஆனான். அந்தியோக்கியாவிலிருந்து அவனைத் தந்தையிடம் கூட்டிக்கொண்டு போன படைவீரர்கள் வழியிலேயே அறிவித்தார்கள். அகஸ்டஸ் ஆனது 218 மே மாதம், சிரியாவின் அபாமியாவில். ஜூன் 8-ஆம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. ஆக, அவன் இணைப் பேரரசனாக இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. "பதினான்கு மாதம் தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்டார்கள்" என்று எழுதினால், இரண்டு பட்டங்களையும் ஒன்றாக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

வயதிலும் ஒரு சிக்கல். டயோ என்ற செனட் உறுப்பினர் அதே காலத்தில் வாழ்ந்து வரலாறு எழுதியவர். அகஸ்டஸ் ஆனபோது அவன் "பத்தாவது ஆண்டில்" இருந்தான் என்கிறார். இதைப் "பத்து வயது" என்று பெயர்த்துவிடுகிறார்கள். நம் வீட்டில் "பையனுக்குப் பத்து நடக்குது" என்றால் ஒன்பது முடிந்துவிட்டது என்றுதானே பொருள்? அதேதான். அவன் பிறந்த நாள் செப்டம்பர் 14, ஆண்டு 208. மே 218-இல் வயது ஒன்பது.

அந்தப் பிறந்த நாளைப் பற்றி டயோ ஒரு காட்சி சொல்கிறார். 217-இல் ரோமில் பையன் பேரில் குதிரைப் பந்தயம் நடக்கிறது. கூட்டம் வாழ்த்துச் சொல்லவில்லை. உலகத்தில் தங்களுக்கு மட்டும்தான் தலைவன் இல்லை என்று புலம்பி, வானத்தைப் பார்த்துத் தலைமைத் தெய்வமான ஜூபிடரை அழைக்கிறது. பையன் அங்கே இல்லவும் இல்லை. தந்தையும் மகனும் அந்த ஆட்சிக்காலம் முழுவதும் கிழக்கிலேயே இருந்தார்கள். பேரரசர்களாக ரோம் நகரில் கால் வைக்கவே இல்லை. எனவே "ரோம் அரண்மனைத் தோட்டத்தில் விளையாடிய குட்டிப் பேரரசன்" என்று தொடங்கும் பத்தியை அப்படியே அழித்துவிடலாம்.

சரி, எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் எது? ஹிஸ்டோரியா அகஸ்டா என்ற லத்தீன் தொகுப்பு. டயடுமேனியனுக்கென்று தனி வரலாறு எழுதிவைத்திருக்கும் ஒரே பழைய நூல் அது என்பதால் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். ஆறு ஆசிரியர்கள் எழுதியதாகப் பெயர்; உண்மையில் நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஒரே ஆள் எழுதியது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சின்ன வயதில் செத்தவர்களைப் பற்றி எழுத விஷயம் இல்லாதபோது அந்த ஆள் கூசாமல் கதை கட்டுவார். பையன் பிறக்கும்போது தலையைச் சுற்றி ஒரு சவ்வு மணிமுடிபோல இருந்ததாம், அதனால் "டயாடெம்" என்ற சொல்லை வைத்துப் பெயரிட்டார்களாம். ஒரு கழுகு புறா ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிலில் வைத்ததாம். பிறந்த நாளையும் பழைய பேரரசர் அன்டோனினஸ் பயஸின் பிறந்த நாளோடு பொருத்திவிடுகிறார்.

இந்த மணிமுடிக் கதையை நானே ஒரு நூலகக் கூட்டத்தில் ரசித்துச் சொல்லியிருக்கிறேன். "இது எந்தக் காலத்து ஆசிரியர் எழுதியது சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சகுனக் கதையாவது போகட்டும், சிரித்துவிட்டு நகரலாம். ஆபத்தானவை கடிதங்கள். கலகக்காரர்களை ஈவிரக்கமில்லாமல் தண்டிக்கச் சொல்லிப் பையன் பெற்றோருக்கு எழுதியதாக அந்த நூலில் கடிதங்கள் உண்டு. அவற்றை வைத்து "பிஞ்சிலேயே கொடூரம்" என்று எழுதிவிடுகிறார்கள். கடிதங்கள் கட்டுக்கதை. தாயின் பெயர் நோனியா செல்சா என்று பல இடங்களில் அடித்துச் சொல்கிறார்களே, அதுவும் இந்த ஒரு நூலை மட்டும் நம்பித்தான்.

அப்புறம் நாணயங்கள். டயடுமேனியனின் வெள்ளி நாணயம் ஒன்றில் பையன் படை உடையில் நிற்கிறான், பக்கத்தில் படைக்கொடிகள். சுற்றிலும் "இளைஞர் தலைவன்" என்று பொருள்படும் எழுத்து. இதைப் பார்த்துவிட்டு அவன் படை நடத்தினான் என்று எழுதக் கூடாது. அகஸ்டஸ் என்ற பெயர்கொண்ட முதல் பேரரசர் காலத்திலிருந்து அரச வாரிசுகளுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பட்டம் அது. உருவமும் நாணயச்சாலையின் வார்ப்பு உருவம்தான். இன்னொன்றில் ஸ்பெஸ் என்ற நம்பிக்கைத் தெய்வம் ஒரு கையில் பூவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உடையின் ஓரத்தைச் சற்றுத் தூக்கியபடி நடக்கிறாள். இந்த நாணயங்கள் சொல்வது பையனைப் பற்றி அல்ல. "எங்களுக்கு அடுத்த தலைமுறை இருக்கிறது" என்று அப்பா ஊருக்கு ஒட்டிய சுவரொட்டி. பையன் முகத்தோடு கிடைக்கும் ரோம நாணயங்களில் ஏறக்குறைய எல்லாமே சீசர் என்றுதான் சொல்கின்றன. அகஸ்டஸ் என்று பொறித்தவை மிக மிக அரிது. அச்சு தயாராகிச் செய்தி பரவுவதற்குள் ஆட்சியே கவிழ்ந்துவிட்டது.

நாணயம் என்றதும் நம் ஊர் ஞாபகம் வருவது இயல்பு. தமிழ்நாட்டில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை, டயடுமேனியனுக்கு இருநூறு ஆண்டு முந்தியவை. ஆனால் மதுரை, கரூர் பக்கத்திலும் இலங்கையிலும் கிடைக்கிற சின்னச் செப்புக்காசுகளில் அர்க்காதியஸ், ஹொனோரியஸ் பெயர்கள் வரும். அவர்களும் குழந்தையாக இருக்கும்போதே அகஸ்டஸ் ஆக்கப்பட்டவர்கள். ஹொனோரியஸுக்கு அப்போது எட்டு வயது. குழந்தைப் பேரரசர்களுக்கும் நமக்கும் தொடர்பு தேட வேண்டுமென்றால் அங்கே தேடலாம்.

பெயர்க் குழப்பம் ஒன்று பாக்கி. கரகல்லா என்பது பட்டப்பெயர், ஒரு மேலங்கியால் வந்தது. அதிகாரபூர்வப் பெயர் அன்டோனினஸ். படையைக் குளிர்விக்க மக்ரீனஸ் அந்தப் பெயரை மகனுக்குச் சூட்டினார். 218 மே 16-ஆம் தேதி கலகக்காரர்கள் முன்னிறுத்திய பதினான்கு வயது எலகாபலஸும், தான் கரகல்லாவின் மகன் என்று சொல்லி, அதே பெயரை எடுத்துக்கொண்டான். ஒரே பெயரில் இரண்டு சிறுவர்கள். டயோ "போலி அன்டோனினஸ்" என்று எழுதினால் அது எலகாபலஸ். இதைக் கவனிக்காமல் படித்தால் கதையே தலைகீழாகிவிடும்.

அந்தக் கலகத்துக்குப் பதிலடியாகத்தான் அபாமியாவில் பையன் அகஸ்டஸ் ஆக்கப்பட்டான். சாக்குக் கிடைத்ததும் படைவீரர் ஒவ்வொருவருக்கும் 20,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாக அறிவித்து, 4,000-ஐ அங்கேயே எண்ணிக் கொடுத்தார் மக்ரீனஸ். ஊருக்கு விருந்தும் வைத்தார். பந்தி நடக்கும்போது ஒரு படைவீரன் ஒரு மூட்டையோடு வருகிறான். துணிமேல் துணியாகச் சுற்றி, கயிற்றால் இறுகக் கட்டிய மூட்டை. மேலே மக்ரீனஸின் படைத்தலைவர் ஜூலியானஸின் மோதிர முத்திரை. கலகக்காரப் பையனின் தலை இது என்கிறான். கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் நழுவிவிடுகிறான். உள்ளே இருந்தது ஜூலியானஸின் தலைதான். மக்ரீனஸ் அன்றே அந்தியோக்கியாவுக்கு ஓடினார்.

"மகனை வெறும் பகடைக்காயாக வைத்து ஆடிய தந்தை" என்று முடிப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. பட்டம் கொடுத்த விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஜூன் 8-ஆம் தேதி கலகக்காரர்களிடம் போரில் தோற்ற பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டுதான் போர் நடந்து, பெரும் பணம் கொடுத்துச் சமாதானமான, கிழக்கே எல்லைக்கு அப்பால் ஆண்ட பார்த்தியர்களின் அரசனிடம், நம்பிக்கையான ஆட்களோடு பையனை அனுப்பிவைத்தார் மக்ரீனஸ். தான் தலையையும் தாடியையும் மழித்துக்கொண்டு மேற்கே ஓடினார். பையன் சியூக்மாவில், சீசர் என்று அறிவிக்கப்பட்ட அதே ஊரில், பிடிபட்டான். போஸ்போரஸ் கடலோரத்துக் கால்செடன் வரை போய்விட்ட மக்ரீனஸும் மாட்டிக்கொண்டார். வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவரும் வழியில் மகன் பிடிபட்ட செய்தி காதில் விழுந்தது. ஓடும் வண்டியிலிருந்து அவர் கீழே குதித்தார். தோள் எலும்பு முறிந்தது.