‘ஃபியூரி’ தொடரைப் பார்க்கும்போதும் அதைப் பற்றி எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1955 அக்டோபர் முதல் 1960 வரை சனிக்கிழமை காலைகளில் அரைமணி நேரம் ஒளிபரப்பான ‘ஃபியூரி’, ஒரு கறுப்புக் குதிரைக்கும் அதன்மீது உயிரையே வைத்திருக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையிலான உறவைச் சொல்லும் கறுப்பு வெள்ளைத் தொடராகும். சிறுவன் ஜோயியாகப் பாபி டயமண்டும், அவனை வளர்க்கும் பண்ணை உரிமையாளர் ஜிம் நியூட்டனாகப் பீட்டர் கிரேவ்ஸும், பண்ணையின் மூத்த ஊழியர் பீட்டாக வில்லியம் ஃபாசெட்டும் நடித்தார்கள். ஐந்து பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் வந்தன. பழைய தொடர்களைத் தேடிப் பார்க்கும் ஆர்வம் பெருகியிருக்கும் இந்நாளில் இதைப் பார்ப்பவர்களும் இதைப் பற்றி எழுதுபவர்களும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அவற்றில் சில வெறும் தகவல் பிழைகள். வேறு சில தொடரின் உயிர்நாடியையே கண்ணில் படாமல் மறைத்துவிடுபவை.

முதல் தவறு, இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் துப்பாக்கிச் சண்டைக் கதையாக எண்ணிக்கொண்டு பார்க்க உட்காருவது. அமெரிக்க மேற்குப் பகுதிக் கதையான வெஸ்டர்ன் என்றதும் தூசி பறக்கும் ஒற்றைத் தெருவும், மதுக்கடையும், நடுப்பகலில் எதிரெதிரே நிற்கும் இருவரும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் ‘ஃபியூரி’ நடக்கும் காலம், அது எடுக்கப்பட்ட அதே 1950கள். புரோக்கன் வீல் என்ற அதன் பண்ணை கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அங்கே மோட்டார் வண்டிகள் வந்து போகின்றன, தொலைபேசி இருக்கிறது, ஜோயி பள்ளிக்கூடம் போகிறான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பச் செய்தி உதவும். பீட்டர் கிரேவ்ஸின் அண்ணன் ஜேம்ஸ் ஆர்னெஸ், ‘ஃபியூரி’ தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, அதாவது 1955 செப்டம்பரில், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘கன்ஸ்மோக்’ தொடரில் டாட்ஜ் சிட்டியின் மார்ஷலாக, அதாவது சட்டம் காக்கும் அதிகாரியாகத் தோன்றினார். அண்ணனுடைய தொடர் 1870களின் கன்சாஸில் நிகழ்வது. சனிக்கிழமை இரவில் பெரியவர்களுக்காக ஒளிபரப்பானது. தம்பியுடைய தொடர் அதே சனிக்கிழமையின் காலையில், பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் வந்தது. ஒன்றின் அளவுகோலைக் கொண்டு மற்றொன்றை அளந்தால், ‘ஃபியூரி’யில் எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். காட்டுத்தீ, கவனக்குறைவால் நேரும் விபத்து, புதிதாக வந்த பையனிடம் மற்றப் பிள்ளைகள் காட்டும் பாராமுகம் போன்றவையே அதன் ஆபத்துகள். சிறுவர்களின் வாழ்க்கையில் உண்மையாகவே பெரியவையும் அவைதாம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். அதே காலத்தில் சிறுவனும் குதிரையும் இணையும் தொடர்கள் வேறு இரண்டும் இருந்தன. சி.பி.எஸ். ஒளிபரப்பிய ‘மை ஃபிரெண்ட் ஃபிளிக்கா’வில் வருவது பெண்குதிரை, சிறுவனின் பெயர் கென். மேரி ஓஹாரா 1941இல் எழுதிய நாவலிலிருந்து உருவான அத்தொடர், பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியே இருந்த அந்நாளிலும் வண்ணத்தில் படமாக்கப்பட்டது. ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சாம்பியன்’ தொடரில் ரிக்கி என்ற சிறுவனுடன் குதிரையும் ரெபெல் என்ற நாயும் வரும். அதன் காலம்தான் 1880கள். வால்டர் ஃபார்லியின் ‘தி பிளாக் ஸ்டாலியன்’ நாவலின் குதிரையும் கறுப்பு என்பதால் அதையும் இதனோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். ‘ஃபியூரி’ நாவலிலிருந்து பிறந்த தொடர் அன்று. தொடர் புகழ்பெற்ற பிறகே அதன் பெயரில் சிறுவர் நூல் வெளிவந்தது. மறுஒளிபரப்புகளில் ‘பிரேவ் ஸ்டாலியன்’ என்ற தலைப்பிலும் இதே அத்தியாயங்கள் ஓடின. தலைப்பு மாறியதைக் கண்டு அதைத் தனித் தொடராகப் பட்டியலிடக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு முறை சரிபார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குதிரையையே தவறாகப் புரிந்துகொள்வது அப்படிப்பட்ட சிறு பிழை அன்று. கதையின்படி ஃபியூரி யாருக்கும் அடங்காத காட்டுக் குதிரை. ஜோயியைத் தவிர வேறு எவரையும், அவன் சம்மதம் இல்லாமல், முதுகில் ஏற விடாதது. திரையில் அதை நம்பிவிடுகிறோம். நம்புவதில் பிழையில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைப் படைத்தது யாருடைய உழைப்பு என்று கேட்காமல் விடுவதுதான் பிழை. அந்தப் பாத்திரத்தில் நடித்தது ஹைலேண்ட் டேல் என்ற அமெரிக்கன் சேடில்பிரெட் இனக் குதிரை. அதன் பயிற்றுநர் ரால்ஃப் மெக்கட்சன். பழகியவர்கள் அதனை ‘பியூட்டி’ என்று அழைத்தார்கள். 1946இல் வெளிவந்த ‘பிளாக் பியூட்டி’ திரைப்படத்திலேயே அது நடித்துவிட்டது. 1954இல் ‘ஜிப்சி கோல்ட்’ படத்தில் தலைமைப் பாத்திரமே அதற்குத்தான். எலிசபெத் டெய்லரும் ராக் ஹட்சனும் ஜேம்ஸ் டீனும் நடித்த 1956ஆம் ஆண்டின் ‘ஜெயண்ட்’ படத்திலும் அது இருக்கிறது. ஆகவே ‘ஃபியூரி’யின் முதல் அத்தியாயத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் குதிரையும் நெருங்கி நிற்கும்போது, அவ்விருவரில் கேமராவின் முன் ஏறத்தாழப் பத்து ஆண்டுப் பழக்கம் உள்ள மூத்த கலைஞர் குதிரைதான்.

இது தெரிந்தால் தொடரின் மாயம் கலைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகவே தோன்றுகிறது. கூப்பிட்டதும் ஓடிவருவது, முன்னங்கால்களை மடக்கி மண்டியிடுவது, பின்னங்கால்களில் எழுந்து நிற்பது, நொண்டி நடப்பதுபோல் காட்டுவது, தலையை ஆட்டி மறுப்பது ஆகிய ஒவ்வொன்றும் திரைக் குதிரைகளுக்குத் தனித்தனியாகக் கற்பிக்கப்படும் பாடம். கடிவாளமும் கயிறும் இல்லாமல், சட்டகத்துக்கு வெளியே நிற்கும் பயிற்றுநரின் கையசைவையோ, அடிப்பதற்காக அன்றித் திசை காட்டுவதற்காகப் பிடித்திருக்கும் நீண்ட சாட்டையின் நுனியையோ பார்த்து அது செயல்பட வேண்டும். ஒரு செயலைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, சரியாகச் செய்த கணத்திலேயே பாராட்டி, களைப்பதற்குள் நிறுத்தி, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரும் பொறுமைதான் அதன் பின்னால் இருக்கிறது. அடித்தும் அச்சுறுத்தியும் பழக்கப்பட்ட குதிரையைக் கயிறின்றி விட்டால் அது ஓடிவிடும். விட்ட பின்பும் மனிதனிடம் திரும்பி வருகிறது என்றால், அங்கே மனிதன்மீது பயமில்லாத பழக்கம் வேரூன்றியிருக்கிறது என்றே பொருள். இத்தகைய காட்சிகளில் குதிரையின் காதுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். பயிற்றுநர் எங்கே நின்றிருப்பார் என்பதைப் பல நேரங்களில் அவை காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பொறுமையின் மதிப்பை அறிய, அதற்கு முந்தைய நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1939இல் வெளியான ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காக உயரமான பாறையிலிருந்து தண்ணீருக்குள் விழவைக்கப்பட்ட குதிரை இறந்துபோனது பெரும் கண்டனத்தை எழுப்பியது. அதன் விளைவாகவே விலங்கு நல அமைப்பான அமெரிக்கன் ஹியூமேன் 1940இல் ஹாலிவுட்டில் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. அதே அமைப்பு 1951இல் திரை விலங்குகளுக்கென்று பாட்ஸி விருதுகளை ஏற்படுத்தியது. அவ்விருதைப் பெற்றவற்றுள் ஹைலேண்ட் டேலும் ஒன்று. குதிரையைத் தடுக்கிவிழச் செய்யும் கம்பிகள் சாதாரணமாகப் பயன்பட்ட காலத்துக்கு மிக அருகிலேயே, குதிரையை ஒரு நடிகராக மதித்து நடத்திய தொடர் இது. அதனால்தான் ‘ஃபியூரி’யைப் பற்றிய கட்டுரைகளில் மெக்கட்சனின் பெயர் இல்லாமற்போவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

குதிரைகளோடு பழக்கமில்லாத பிள்ளைகளோடு சேர்ந்து இத்தொடரைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரையில் ஜோயி செய்வதை உண்மை வாழ்வில் செய்து பார்க்கலாம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. வளர்ந்த குதிரை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடை உள்ளது. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் சுற்றிலும் பெரும்பகுதியைப் பார்க்க முடிந்தாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாத இடங்கள் உண்டு. பின்னாலிருந்து சத்தமில்லாமல் நெருங்கினால், எவ்வளவு சாதுவான குதிரையும் திடுக்கிட்டு உதைக்கக்கூடும். தெரியாத குதிரையை அணுகும்போது, அதைப் பராமரிப்பவரின் அனுமதியோடு, தோள் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே போக வேண்டும். காதுகள் பின்னோக்கிப் படிந்திருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். காயடிக்கப்படாத ஆண்குதிரையிடம் பிள்ளைகளைத் தனியே விடவே கூடாது. சேணமின்றியும் தலைக்கவசமின்றியும் சவாரி செய்வது அந்தக் காலத்துத் திரை வழக்கம். இன்றைய சவாரிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம்தான் முதல் பாடம்.

ஜிம் நியூட்டனின் தொழிலையும் இன்றைய கண்ணோடு பார்த்து அவசரமாகத் தீர்ப்புச் சொல்வதோ, அன்று எல்லாம் அழகாகவே இருந்தது என்று கடந்துபோவதோ சரியன்று. அவர் காட்டுக் குதிரைகளைப் பிடித்துப் பழக்கி விற்பவர். அக்காலத்தில் நெவாடா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களில் காட்டுக் குதிரைகள் விமானங்களாலும் லாரிகளாலும் துரத்திப் பிடிக்கப்பட்டு, வளர்ப்புப் பிராணிகளுக்கான உணவுத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதை எதிர்த்துப் போராடிய நெவாடாவின் வெல்மா ஜான்ஸ்டனின் முயற்சியால், அரசு நிலங்களில் காட்டுக் குதிரைகளை மோட்டார் வாகனங்களாலும் விமானங்களாலும் வேட்டையாடுவதைத் தடுக்கும் சட்டம் 1959இல் நிறைவேறியது. ‘ஃபியூரி’ அப்போதும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. இன்னும் விரிவான பாதுகாப்புச் சட்டம் 1971இல் வந்தது. அதற்காக நாடு முழுவதிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள். இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு காட்டுக் குதிரைக்குப் பெயரிட்டு, அதன் விருப்பத்தையும் மறுப்பையும் ஒரு சிறுவன் மதித்து நடப்பதைக் காட்டிய தொடருக்கு அதன் காலத்தில் இருந்த கனம் புரியும்.

கடைசியாக, கையில் அகப்பட்ட அத்தியாயத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதையும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், வரிசை முக்கியமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான அத்தியாயங்களுக்கு அது பொருந்தும். முதல் அத்தியாயத்துக்குப் பொருந்தாது. குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவரால் மனைவியையும் மகனையும் இழந்தவர் ஜிம். நகரத்தில் திரியும் அநாதைச் சிறுவன் ஜோயி, தான் உடைக்காத ஒரு கண்ணாடிக்காகக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கும்போது, நடந்ததை நேரில் பார்த்த ஜிம் அவனுக்காகப் பேசுகிறார். பிறகு அவனைப் பண்ணைக்கு அழைத்து வருகிறார். யாரையும் நம்பாத அந்தச் சிறுவன், யாரையும் நெருங்கவிடாத குதிரையை அங்கேதான் சந்திக்கிறான். இதைத் தவறவிட்டுப் பின்வரும் கதைகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு, ஜிம்மின் கண்டிப்பு வெறும் கண்டிப்பாகவும், ஃபியூரிக்கு ஆபத்து என்றதும் ஜோயி கொள்ளும் பதற்றம் மிகையாகவும் தோன்றும். அவன் இழக்க அஞ்சுவது குதிரையை மட்டுமன்று, முதன்முறையாகக் கிடைத்த வீட்டையும்தான் என்பது அந்த முதல் அரைமணி நேரத்தில் சொல்லப்பட்டுவிடுகிறது. ஆகவே தொடரை ‘ஃபியூரி’ என்ற தலைப்பில் பார்த்தாலும் ‘பிரேவ் ஸ்டாலியன்’ என்ற தலைப்பில் பார்த்தாலும், ஜோயி பண்ணைக்கு வந்துசேரும் அத்தியாயத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்தே தொடங்குங்கள்.