மத நிறுவுநர் ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா என்பதை ஆராயும் முறை

‘இயேசு என்றொருவர் வாழவே இல்லை’, ‘புத்தர் கற்பனைப் பாத்திரம்’ என்ற வகைச் செய்திகள் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உள்ள கைப்பேசிகளுக்கும் நாள்தோறும் வந்து சேர்கின்றன. வெவ்வேறு மதத்தவர் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயங்களில் வாழும் மலையகத்தில், இத்தகைய செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் கோபத்தோடு ஒதுக்குவதும் எளிது. சான்றைப் பார்த்து முடிவுக்கு வரத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் நீர்மேல் நடந்தாரா என்பது ஒன்று. அப்படியொரு மனிதர் வாழ்ந்தாரா என்பது வேறொன்று. அற்புதங்களை நம்பாத ஒருவரும் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று விடை கூறலாம். மறுப்பாளர்களின் வாதங்களிற் பல முதலாவதை உடைத்துவிட்டு இரண்டாவதையும் உடைத்துவிட்டதாகக் காட்டிக்கொள்பவை.

அடுத்து, ஒவ்வொரு சான்றுக்கும் அது எப்போது, யாரால், எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இயேசுவை எடுத்துக்கொண்டால், உரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் ஏறத்தாழ கி.பி. 116இல் எழுதியபோது, திபேரியு மன்னன் காலத்தில் பொந்தியு பிலாத்து அவருக்கு மரண தண்டனை விதித்ததைக் குறிப்பிடுகிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு 93 அளவில் எழுதிய நூலில் இரண்டு இடங்கள் உள்ளன. அவற்றுள் நீண்ட பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவர்களின் கை பட்டிருப்பதை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு’ என்று போகிறபோக்கில் வரும் மற்ற இடத்தை அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட முடியாது. என் பார்வையில் இவ்விரண்டையும்விட வலுவானது தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகர் பவுலின் சாட்சியே: 50களில் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், தாம் எருசலேமில் பேதுருவுடன் பதினைந்து நாள் தங்கியதையும் ஆண்டவரின் சகோதரரான யாக்கோபைக் கண்டதையும் அவர் சொல்கிறார். அதே யாக்கோபின் தரப்பாரோடு அவருக்குப் பிணக்கும் இருந்தது. இல்லாத ஒருவருக்குச் சகோதரர் இருந்து, அவருடைய தரப்பாரோடு மனத்தாங்கலும் ஏற்படுவது எப்படி என்பதை மறுப்பாளரே விளக்க வேண்டும்.

கல்வெட்டு கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய நேபாளத்திலுள்ள லும்பினியில் 1896இல் அடையாளம் காணப்பட்ட அசோகர் தூண், சாக்கியமுனி புத்தர் அங்கே பிறந்தார் என்றும் அதனால் அவ்வூரின் வரி குறைக்கப்பட்டது என்றும் கூறுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இந்தச் சான்று பெறுமதி வாய்ந்ததுதான். எனினும், அதற்கு அண்மையில் நிகாலி சாகரில் உள்ள மற்றொரு தூணையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: அங்கே அதே அசோகர், சாக்கியமுனிக்கு முன்னர் தோன்றியதாக நம்பப்படும் கனகமுனி என்ற புத்தருடைய தூபியைப் பெருப்பித்ததாகப் பொறித்திருக்கிறார். கனகமுனியை வரலாற்று மனிதராக ஆய்வாளர்கள் கொள்வதில்லை. ஆகவே ஒரு தூண் உறுதியாக நிறுவுவது அதை நட்ட காலத்து மக்களின் நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு மனிதர் இருந்தாரா என்பதைப் பிற சான்றுகளோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

சிவனொளிபாத மலைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். உச்சியிலுள்ள காலடிச் சுவட்டைச் சைவர் சிவனுடையதென்றும், பௌத்தர் புத்தருடையதென்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையதென்றும் போற்றுகின்றனர். இயேசுவின் சீடர் தோமையாருடையது என்ற மரபும் உண்டு. இவற்றுள் எதையும் அந்தச் சுவடு நிறுவாது. ஏறியவர்களைப் பற்றியோ நிறைய அறியலாம்: மணிமேகலை ‘சமனொளி’ என அதைக் குறிப்பிடுகிறது, அம்பகமுவவில் உள்ள முதலாம் விஜயபாகுவின் கல்வெட்டு யாத்திரிகருக்கு உணவளிக்க விடப்பட்ட நிலங்களைச் சொல்கிறது, மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1344இல் ஏறியிருக்கிறார்.

மௌனத்தை அளப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். ‘அக்காலத்தவர் எவரும் அவரைப் பற்றி எழுதவில்லை’ என்பது மறுப்பாளரின் பிடித்தமான வாதம். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த உங்கள் பாட்டனின் பாட்டனுக்கு ஓர் ஆவணம் தேடிப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு துண்டுக் காகிதமும் அகப்படாது. கலிலேயாவின் தச்சருக்கும் நிலைமை ஏறத்தாழ இதுவே. எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கத்தக்க இடத்தில் எழுதப்படாதிருந்தால் மட்டுமே மௌனம் சான்றாகும்.

வாய்மொழி மரபையும் அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். பௌத்த மறைநூலான பாளித் திரிபிடகம் மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டது கி.மு. முதலாம் நூற்றாண்டில் என்பது மரபு. புத்தரின் மறைவுக்குப் பின் சில நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும், பிரிந்து போன வேறு பௌத்தப் பள்ளிகளின் சூத்திரங்கள் சீன மொழிபெயர்ப்புகளில் எஞ்சியுள்ளன. இரு தரப்பும் ஒத்துப்போகும் பகுதிகள் அந்தப் பிரிவுக்கு முற்பட்டவை என்று கொள்ள இடமுண்டு. அதே வேளையில், புத்தர் இலங்கைக்கு மூன்று முறை வந்ததாகச் சொல்லும் மகாவம்சம் எழுந்ததோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

காலக் கணிப்பில் உள்ள பூசலை இல்லாமைக்குச் சான்றாகக் கொள்வதும் தவறு. இலங்கை மரபு புத்தரின் மறைவைக் கி.மு. 544 அளவில் வைக்கிறது. ஆய்வாளர் பலர் அதை நூறாண்டுக்கு மேல் பிற்பட்டதாகக் கொள்கின்றனர். இரு தரப்பும் தேடுவது ஒரே மனிதரின் காலத்தைத்தான்.

முடிவை எழுதும்போது ஆம், இல்லை என்ற இரண்டோடு நின்றுவிடாமல் படித்தரம் வைத்துக்கொள்ளுங்கள். முகம்மது நபியின் பெயர், அவர் 632இல் மறைந்து பத்தாண்டுகளுக்குள் எழுதப்பட்ட சிரியாக் மொழியிலான ஒரு கிறிஸ்தவக் குறிப்பிலேயே வந்துவிடுகிறது. அங்கே ஐயத்துக்கு இடமே குறைவு. சீனாவின் தாவோ மரபைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் லாவோ சூ வேறு வகை: கி.மு. 100 அளவில் எழுதிய சீன வரலாற்றாசிரியர் சிமா சியேனே, அவர் இன்னார் என்று உறுதிசெய்ய முடியாமல், அவராக இருக்கக்கூடிய வேறு சிலரையும் குறிப்பிட்டுவிட்டுப் போகிறார். லாவோ சூவுக்கு நேரே ‘தீர்மானிக்க இயலாது’ என்று குறிப்பதே நேர்மை. அதே சொல்லை இயேசுவுக்கு நேரே எழுதச் சான்றுகள் இடம் தருவதில்லை.