பழைய காருக்குப் பழைய ரேடியோ: கடைக்குப் போகும் முன்பும் போன பின்பும்

அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 போன்ற வண்டிகளுக்குப் பயன்படுத்திய ரேடியோ செட் தேடுபவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எத்தனை வாட் என்பதாகத்தான் இருக்கிறது. உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. செட்டைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்க்க வேண்டும்.

டாஷ்போர்டில் உள்ள துளையை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒற்றை டின் எனப்படும் அளவு சுமார் 18 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்டது, இரட்டை டின் அதே அகலத்தில் 10 செ.மீ. உயரம் இருக்கும். இரண்டு பக்கமும் திருகு குமிழ் வைத்த மிகப் பழைய செட்டுகளுக்காக வெட்டிய டாஷ்போர்டில் இவை நேரடியாக உட்காரா. முகப்பு பொருந்தினாலும் பின்னால் வயர்களோ காற்றுக் குழாயோ தடுக்கலாம் என்பதால் ஆழத்தையும் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மின்சாரம். டைனமோ வைத்த மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்து செட்டுகள் நெகட்டிவ் முனை பாடியில் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. அவற்றின் உலோகக் கூடு டாஷ்போர்டைத் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும். ஸ்பீக்கரிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. ஒரே ஸ்பீக்கர் வைத்த பழைய வண்டிகளில் அதற்கு ஒரு வயரை மட்டும் இழுத்து, மறுமுனையைப் பாடியில் முறுக்கிவிட்டிருப்பார்கள். பிற்காலத்து செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களிலுமே மின்னழுத்தம் இருப்பதால், ஒன்றைப் பாடியில் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சில்லு எரிந்துபோக வாய்ப்புண்டு. எனவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே இரண்டு வயர் இழுக்கும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

டெல்டாவில் வாங்குபவர்கள் தவறவே விடக்கூடாத சோதனை அலைவரிசைச் சோதனை. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய செட்டுகளின் எஃப்.எம். 76 முதல் 90 மெகா ஹெர்ட்ஸ் வரைதான் போகும். நம் ஊரில் தேவைப்படுவதோ 87.5 முதல் 108 வரை. அப்படிப்பட்ட செட்டில் திருச்சி ரெயின்போவின் 102.1-உம் கிடைக்காது, காரைக்கால் வானொலியின் 100.3-உம் கிடைக்காது. அலைவரிசையை இறக்கித் தரும் சிறு பெட்டியை விற்பார்கள். அதைப் போட்டாலும் பட்டையின் ஒரு பகுதி மட்டுமே கைக்கு வரும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்கச் சந்தை செட் வேறு வகையில் ஏமாற்றும். அது மத்திய அலையில் பத்துப் பத்தாகத் தாவும்; திருச்சி வானொலியின் 936-ஐத் தேடினால் 930-க்கு அடுத்து 940-தான் வரும். எஃப்.எம்.மிலும் ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்பதால் 102.1 கிடைக்கும், 106.4 கிடைக்காது. பல செட்டுகளில் இந்தத் தாவலை மாற்றும் அமைப்பு உள்ளேயே இருக்கும். கடைக்காரரை அதை மாற்றிக் காட்டச் சொல்லி, திரையில் 936 நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

மழையில் மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றிய செட்டை வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிவிடலாம். ஆனால் திருகுகளின் தலையில் துருவும், பின்பக்கப் பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்திருப்பதும், கூட்டின் மூலைகளில் படிந்த வண்டலும் எளிதில் மறையா. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டியின் செட்டாக இருந்தால், உப்புக் காற்றினால் ஆன்டெனா துளையின் உட்புறமும் அரித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காயலான் கடையில் அவசரத்தில் வயர்களை அடியோடு வெட்டிக் கழற்றியிருப்பார்கள். பிளக்கோடு ஒரு சாண் நீளமாவது வயர் இல்லாத செட்டுக்குப் பாதி விலைகூட அதிகம். ரகசிய எண் கேட்கும் செட்டாக இருந்து, அந்த எண் விற்பவரிடம் இல்லையென்றால் வாங்க வேண்டாம். கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, நான்கு ஸ்பீக்கர் வழிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொருத்தும்போது, பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் பெறுவது. கறுப்பு, பாடிக்குப் போவது. சில நிறுவனங்களின் வண்டிகளில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உரிய இடங்கள் பிளக்கில் மாறியிருக்கும் என்பதால், நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையைச் சுருக்க சில எலெக்ட்ரீஷியன்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியிலேயே கொடுத்துவிடுவார்கள். தினமும் ஓடும் வண்டியில் இது வெளியே தெரியாது. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் ஊருக்கு வருபவர்களின் வண்டியாக இருந்தால், அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது பேட்டரி இறங்கிப் போயிருக்கும்.