இலையுதிர்காலப் பிற்பகலில் நீர்ப்பறவை பார்க்க

எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிற்பகலில் வெயில் மேற்கே சாய்வதால், குளத்தின் மேற்குக் கரையில் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கிழக்குக் கரையில் நின்றால் எல்லா வாத்தும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். காற்று பலமாக அடித்தால், அது எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தக் கரையோர நாணலை முதலில் பாருங்கள். அங்கே அலை குறைவு, பறவைகள் ஒதுங்கும்.

8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) போதும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10x42-இல் 4.2 மி.மீ.தான். அந்தி மங்கலில் இந்த வித்தியாசம் தெரியும், கை நடுக்கமும் 10-இல் கூடுதலாகத் தெரியும். பெரும்பாலான பைனாகுலர்களில் வலக்கண் பக்கம் ஒரு திருத்த வளையம் இருக்கும். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் தொலைவிலுள்ள ஒரு கிளையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வளையத்தை மட்டும் திருப்பி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்குத் தலை வலிக்கிறது. கண்ணாடி அணிபவர்கள் கண்குவளையை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

பறவை சிக்கவில்லை என்றால், பார்வையை அதன்மேலேயே வைத்தபடி பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து கருவியைப் பார்த்தால் இடம் தவறிவிடும்.

இந்தப் பருவத்தின் உண்மையான சிக்கல் வாத்துகள். இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்த்த ஆண் வாத்துகள் பல, பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். நிறத்தை நம்பாமல் அலகையும் சிறகையும் பாருங்கள். தட்டைவாயன் என்ற வாத்தின் கரண்டி அலகு எந்தக் கோலத்திலும் மாறாது. ஆணின் சிறகிலுள்ள நிற அமைப்பும் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், அது சிறகை விரிக்கும் நொடிக்காகக் காத்திருப்பது வீண்போகாது.

சேற்றோரம் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்களுக்கு நடத்தையே நல்ல அடையாளம். பின்னுடலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடப்பது சாதா உள்ளானாக இருக்க வாய்ப்பு அதிகம். பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் வெளிறியிருந்தால் பொரி உள்ளானாக இருக்கலாம். கருமையாக இருந்தால் அதன் நெருங்கிய உறவான பச்சை உள்ளானை (Green Sandpiper) சந்தேகியுங்கள்.

கரையில் நெருங்கிப் போக ஆசைப்படாதீர்கள். பறவை மேய்ச்சலை நிறுத்தித் தலை நிமிர்த்தினால் அதுவே எல்லை. இரண்டு அடி பின்வாங்கி அசையாமல் நில்லுங்கள். வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு வேளை மேய்ச்சலும் பயணத்துக்கான கொழுப்பு.

சூரியன் மறையும் முன் கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். கொக்குகள் அடையும் மரங்களுக்குக் கூட்டமாகத் திரும்பும். எண்ண, முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவை மனத்தில் வைத்துக் கூட்டத்தின் மேல் வரிசையாகப் பொருத்திப் பாருங்கள். எண்ணிக்கையை நேரத்தோடு அப்போதே குறித்துவிடுங்கள்.