வெளிநாட்டு உதவிக் கணக்கைப் படிப்பது எப்படி?

ஒரு நாடு பெரிய உதவியை அறிவித்ததும் எல்லோரும் தொகையைத்தான் பார்ப்பார்கள். இந்த அறிக்கைகளைப் புரட்டுவதே என் பிழைப்பு. நான் முதலில் தேடுவது, அந்தப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதை.

டென்மார்க்கில் கொள்கை, திட்டம் இரண்டுமே வெளியுறவு அமைச்சகத்தின் கையில். ஜெர்மனியில் இதற்கென்றே தனி அமைச்சகம். ஆனால் கடனும் நிதியும் கேஎஃப்டபிள்யூ வங்கி வழியாகப் போகும், நிபுணர்களும் பயிற்சியும் ஜிஐஇசட் என்ற அரசு நிறுவனம் வழியாக. ஒன்றின் கணக்கை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஜப்பானில் மானியம், கடன், தொழில்நுட்ப உதவி மூன்றும் 2008 முதல் பெரும்பாலும் ஜைக்கா என்ற அரசு உதவி நிறுவனத்திடம்.

கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பிரிட்டன் உதவிப் பணம் கொடுத்த மலேசியாவின் பெர்காவ் அணையைப் பாருங்கள். பணத்துக்கேற்ற பலன் இல்லாத திட்டம் என்று பிரிட்டனின் உதவித் துறைத் தலைமை அதிகாரியே ஆட்சேபித்தார். ஆயுத விற்பனையோடு அது பின்னிக்கிடந்ததால், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் 1991இல் ஒப்புதல் தந்தார். அந்த ஒப்புதல் சட்டவிரோதம் என்று 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 1997இல் பிரிட்டனில் உதவிக்குத் தனி அமைச்சகம் வந்தது. 2020இல் அதை மறுபடி வெளியுறவோடு இணைத்தார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் 2013இலேயே இப்படிச் செய்துவிட்டன. இணைப்புச் செய்தி வந்தால் அடுத்த பட்ஜெட்டைக் கவனியுங்கள்: பிரிட்டன் 2021இல் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவியை 0.5 ஆக்கியது. (அந்த 0.7, ஐநா பொதுச்சபை 1970இல் வைத்த இலக்கு. எட்டியவர்கள் சிலரே.)

சரி, இப்போது தொகைக்கு வரலாம். எதை உதவி என்று கணக்கிடலாம் என்ற விதிகளை வகுப்பது, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு. அகதிகளுக்காகச் சொந்த நாட்டிலேயே முதல் 12 மாதம் செய்யும் சில செலவுகளையும் உதவியாகக் காட்ட அது அனுமதிக்கிறது. நான் அதைக் கழித்துவிட்டுத்தான் நாடுகளை ஒப்பிடுவேன். கடனில் 2018 கணக்கு முதல் மானியத்துக்கு ஈடான பகுதி (சலுகை வட்டியால் இலவசமாகக் கொடுத்ததற்குச் சமமாகும் தொகை) மட்டுமே சேரும். அதற்கு முந்தைய ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள். கொடுத்த நாட்டின் கம்பெனிகளிடமே பொருள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், இந்தக் குழுவில் ஒவ்வொரு நாட்டையும் வேறு இரண்டு உறுப்பு நாடுகள் ஆய்வு செய்யும். அந்த அறிக்கையின் பாராட்டுகளைத் தாண்டிப் போய், முந்தைய பரிந்துரைகள் என்ன ஆயின என்று சொல்லும் பகுதியிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.