புதுக் கேம் வந்த முதல் கிழமை: மற்றவர் சொல்வதை நம்புவதில் விடும் பிழைகள்

புதிதாக ஒரு ரோல்-பிளேயிங் கேம் (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து, அதை வளர்த்துக்கொண்டு போகும் விளையாட்டு) வெளியானால் போதும், கிளிநொச்சி முதல் முல்லைத்தீவு வரை வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "சுப்பர் கேம் மச்சான், உடனே எடு" என்று ஒரு பக்கம். "காசுக்குக் கேடு, இழுத்து இழுத்து ஓடுது" என்று மறுபக்கம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணி நேரம் விளையாடினார்கள், எந்த மெஷினில், எந்த வேர்ஷனில் என்பதை இரண்டு பேருமே சொல்லமாட்டார்கள். நாங்களும் கேட்பதில்லை. பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சின்னதை முடித்துவிடுவோம். கணினிக் கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 85 சதவீதம் என்று இருந்தால் அது பரீட்சைப் புள்ளி அல்ல. அங்கே விளையாடியவர் கட்டைவிரலை மேலே காட்டலாம், கீழே காட்டலாம், அவ்வளவுதான். நூறு பேரில் 85 பேர் "வாங்கலாம்" என்றார்கள் என்பதே அந்த எண்ணின் பொருள். 85 பேருமே "பரவாயில்லை" என்ற அளவில்தான் நினைத்திருந்தாலும் அதே எண்தான் வரும்.

எண்ணைவிட அதற்குக் கீழே இருக்கும் விமர்சனம் ஒவ்வொன்றின் மேற்பகுதிதான் முக்கியம். எழுதியவர் மொத்தம் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார், விமர்சனம் எழுதிய நேரத்தில் எத்தனை மணி ஆகியிருந்தது என்று இரண்டு கணக்கும் அங்கே இருக்கும். 1.4 மணியில் எழுதியவரும் 60 மணியில் எழுதியவரும் பார்த்தது ஒரே கேம் அல்ல. ரோல்-பிளேயிங் கேம்களில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. பால்டர்ஸ் கேட் 3 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரிலேயே அதன் முதல் பாகத்தை ஏர்லி அக்செஸில் (கேம் முழுதாக முடியும் முன்பே விற்கும் முறை) விற்கத் தொடங்கி, கிட்டத்தட்ட மூன்று வருடம் விளையாட்டாளர் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். 2023 ஓகஸ்டில் முழுதாக வந்தபோது முதல் வார இறுதியில் எழுதிய பலர் நின்றது நன்றாகத் தீட்டப்பட்ட அந்த முதல் பாகத்தில். மூன்றாம் பாகத்து நகரத்துக்குள் போனதும் பிரேம் விழுகிறது (படம் திக்கித் திக்கி ஓடுகிறது), குவெஸ்ட் (கேம் கொடுக்கும் பணி) குழம்புகிறது என்ற முறைப்பாடுகள் பிறகுதான் குவிந்தன. கேம் அருமையானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் வாரப் பாராட்டு முழுக் கேமையும் பார்த்த பாராட்டு அல்ல.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எல்டன் ரிங்கின் கூடுதல் பாகமான ஷேடோ ஒஃப் த எர்ட்ரீ 2024 ஜூனில் வந்ததும் "மனுசன் விளையாடுற கஷ்டமா இது" என்று ஸ்டீமில் கீழ்நோக்கிய விரல்கள் குவிந்தன. பழைய கேமில் உச்சத்துக்கு வளர்த்த வீரனோடு உள்ளே போனவர்கள் நேரே பெரிய எதிரிகளிடம் போய் அடி வாங்கினார்கள். அந்த நிலத்தில் மட்டும் பலம் கூட்டும் துண்டுகள் மூலை முடுக்கெல்லாம் கிடந்தன. அவற்றைத் தேடிப் பொறுக்கியவர்களுக்கு அதே எதிரி பாதிச் சுமைதான். சில நாளிலேயே அந்தத் துண்டுகளின் பலனை ஆரம்பக் கட்டத்தில் கூட்டி ஒரு அப்டேட்டும் விட்டார்கள். ஆகவே "கஷ்டம்" என்று ஒருவர் எழுதினால், எதைச் செய்யாமல் போய் அடி வாங்கினார் என்று பாருங்கள். அதைச் சொல்லாத முறைப்பாட்டால் பிரயோசனம் இல்லை.

கருத்துக்கும் காலாவதித் திகதி உண்டு. சைபர்பங்க் 2077 வெளியானது 2020 டிசம்பர் 10 இல். ஒரு கிழமை கழிந்ததும் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஜூனில்தான் திரும்பி வந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன் மரத்தையும் (வீரனின் திறன்களைத் தெரிந்து வளர்க்கும் அமைப்பு) கேமுக்குள் வரும் பொலிஸையும் புதிதாகவே கட்டிவிட்டது. அப்படியிருந்தும் "அது முழுக்க பக் (பிழை) உள்ள கேம்" என்று இன்றும் ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீமில் கடைசி 30 நாள் கருத்துகளுக்குத் தனி வரி இருப்பது இதற்காகத்தான்.

இனி மெஷின். வன்னியில் இருந்து வாசிக்கும் எவரும் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. விமர்சகர் "எனக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது" என்றால், அவருடையது பெரும்பாலும் டெஸ்க்டொப், குளிர்சாதன அறை. அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பெடியளிடம் இருப்பது லப்டொப், மேலே சுற்றும் ஒரு மின்விசிறி, வெளியே சித்திரை வெயில். லப்டொப்பிலும் டெஸ்க்டொப்பிலும் கிராபிக்ஸ் கார்ட்டின் பெயர் ஒன்றாக இருக்கும், பலம் ஒன்றாக இருக்காது. சூடு ஏறியதும் லப்டொப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஸ்டக் ஆகத் தொடங்கினால் கேமைத் திட்டும் முன் கீழே கையை வைத்துப் பாருங்கள்.

சில கேம்கள் திறக்கவே திறக்காது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிளுக்கு ரே டிரேசிங் (ஒளி விழுவதைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) வசதியுள்ள கார்ட் கட்டாயம். அந்த வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 கார்ட் லப்டொப் வைத்திருப்பவருக்கு அதைப் பற்றிய நூறு பாராட்டும் ஒன்றுதான், நூறு வசையும் ஒன்றுதான். டிராகன்ஸ் டொக்மா 2 இன் கதை வேறு. 2024 மார்ச்சில் அது வந்த அன்று விழுந்த திட்டில் இரண்டு முறைப்பாடுகள் கலந்து கிடந்தன. காசு கொடுத்து வாங்கும் சில்லறைப் பொருட்களைக் கேமுக்குப் பக்கத்திலேயே கடை விரித்தது ஒன்று. நகரத்துக்குள் ஆட்கள் கூடும் இடத்தில் பிராசஸர் திணறுவது மற்றது. அந்தப் பொருட்கள் கேமுக்குள் விளையாடியே கிடைப்பவைதான், எனவே முதல் கோபத்தை நீங்கள் விட்டுவிடலாம். இரண்டாவது உங்கள் லப்டொப்பைப் பற்றியது. இரண்டையும் பிரிக்காமல் மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

லப்டொப்பை வீட்டு டீவியில் கொழுவி விளையாடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 ஏப்ரலில் வந்த, பிரான்ஸின் மொன்பெலியே நகரத்துச் சிறு குழு செய்த கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 முறை வைத்து அடிக்கும் கேம்தான். ஆனால் எதிரி அடிக்கும் கணத்தில் சரியாகப் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும். டீவியில் "கேம் மோட்" போடாமல் விட்டால் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், உங்கள் விரலும் பிந்தும். "தடுக்கவே ஏலாது, அநியாயம்" என்று எழுதுபவர்களில் எத்தனை பேர் அந்த அமைப்பைப் பார்த்திருப்பார்களோ!

கரண்டையும் மறந்துவிடக் கூடாது. 2025 பெப்ரவரியில் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2 இல் நினைத்த இடத்தில் சேவ் பண்ண ஒரு மதுக் குப்பி வேண்டும். இல்லாவிட்டால் கட்டிலில் படுத்து எழும்ப வேண்டும், அல்லது கேமை மூடிவிட்டு வெளியேற வேண்டும். 15 ஆம் நூற்றாண்டு பொஹீமியாவில் வாழ்வது போலவே இருக்கிறது என்று ஐரோப்பியர் மெச்சுவார்கள். ஐப்பசி மாதத்துப் பின்னேரம், இடிமின்னலோடு, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் விளையாடுகிறவருக்கு அதே அமைப்பு வேறு மாதிரித் தெரியும். ஒரு கேமில் சேவ் எப்படி என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பதே இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

"பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று துணிந்து வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் காசு திரும்பும். 120 ஜிபி கேமை நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் இறக்க ஏறத்தாழ 27 மணி நேரம் வேண்டும். நள்ளிரவு முதல் காலை ஏழு மணி வரையுள்ள இரவு டேட்டாவை மட்டும் நம்பினால் நான்கு இரவு. டேட்டா காசை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இறங்கிய பிறகு முதன்முதல் திறந்தால் ஷேடர் (கேமின் படத்தை வரையும் சிறு நிரல்கள்) தயாராகிறது என்று ஒரு பட்டை மெல்ல நகரும். பழைய பிராசஸரில் அதற்கே கால் மணி போகலாம், கேம் திறந்திருப்பதால் அதுவும் கணக்கில் சேரும். அப்புறம் வீரனுடைய மூக்கையும் தாடியையும் செதுக்க ஒரு மணி. விளையாடத் தொடங்கும்போது மீதி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஆகவே முகத்தை அப்படியே விட்டுவிட்டு, நேரே ஆட்கள் கூடும் ஓர் இடத்துக்குப் போய் கேம் ஓடுகிறதா என்று சோதியுங்கள். அழகு பிறகு.

மொழியையும் பார்க்க வேண்டும். ஹொலோ நைட்: சில்க்சோங் 2025 செப்டம்பரில் வந்தபோது சீனர்களின் விமர்சனங்களில் பெரும்பகுதி கீழ்நோக்கி இருந்தது. காரணம் கேம் அல்ல, சீன மொழிபெயர்ப்பின் நடை. வேற்று மொழிக்காரரின் கோபம் உங்கள் முடிவில் கலக்கத் தேவையில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. "எழுத்து அற்புதம்" என்று எல்லோரும் புகழும் டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சத்துக்கு மேல் சொற்கள், அதுவும் வளைத்து வளைத்து எழுதிய ஆங்கிலம். ஆங்கிலத்தைத் தடக்கித் தடக்கி வாசிக்கிற தம்பிக்கு அதை வாங்கச் சொல்வது உதவி அல்ல. அவர் சண்டையும் ஓட்டமும் உள்ள ஒன்றில் தொடங்கட்டும்.

சரி, நீங்கள் குழுவில் எழுதும்போது? "12 மணி நேரம், இரண்டாவது ஊர் வரை, 3050 கார்ட் லப்டொப், மீடியம் அமைப்பு, நேற்றைய அப்டேட்டோடு. சண்டை பிடித்தது, ஊருக்குள் இழுக்குது, சேவ் எங்கேயும் பண்ணலாம்." இவ்வளவு போதும். யார் சாகிறார்கள் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். மல்லாவியில் ஒருவருக்கு இன்னும் 60 ஜிபி இறங்கிக்கொண்டிருக்கும்.