திசு ஆக்சிஜன் கருவிகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 98 சதவீதம் என்று காட்டுகிறது. அதே ஆளின் முன்கையில் ஒட்டிய திசு ஆக்சிமீட்டரோ (தசை போன்ற திசுவுக்குள் உள்ள ரத்தத்தின் ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் கருவி) 68 காட்டுகிறது. எதுவும் பழுதில்லை. முதலாவது, துடிப்போடு வரும் தமனி ரத்தத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறது. இரண்டாவது, தமனி, தந்துகி, சிரை மூன்றிலும் உள்ள ரத்தத்தைச் சேர்த்தே அளக்கிறது. அதில் பெரும்பங்கு சிரை ரத்தம். அதனால் திசு ஆக்சிமீட்டரை இன்னொரு திசு ஆக்சிமீட்டரோடுதான் ஒப்பிட வேண்டும்.

படி 1: கையேட்டைப் படியுங்கள். பெரும்பாலான திசு ஆக்சிமீட்டர்கள் 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பயன்படுத்துகின்றன. தோலில் ஒட்டும் சென்சாரில் உள்ள விளக்குக்கும், திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கும் உணரிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். ஒளி எட்டும் ஆழம் தோராயமாக அதில் பாதி. தோலடிக் கொழுப்பு தடிமனாக இருந்தால், இடைவெளி குறைந்த சென்சார் தசையைத் தொடவே தொடாது.

படி 2: முன்கைத் தசைமேல், பச்சை குத்தாத இடமாகப் பார்த்து ஒட்டி, கறுப்புத் துணியால் மூடுங்கள். இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றின் ஒளி மற்றதன் உணரிக்குள் போய்விடும். ஒன்று முடிந்தபின் அதே இடத்தில் அடுத்தது.

படி 3: கையை அசைக்காமல் ஐந்து நிமிடம் விட்டு அளவைக் குறியுங்கள். அப்புறம் சென்சாரை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள், மறுபடி குறியுங்கள். இப்படிப் பலமுறை. சலிப்பான வேலைதான், ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. ஒருமுறை 66, அடுத்தமுறை 73 என்று ஒரு கருவி தாவினால், அதில் தெரியும் 5 புள்ளிச் சரிவை எப்படி நம்புவது?

படி 4: மேல்கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, மேல் அழுத்தத்தைத் தாண்டிக் காற்றடித்து, மூன்று நிமிடம் ரத்தத்தை நிறுத்துங்கள். மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ அருகில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருப்பவர்களுக்கும் டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்த இணைப்பு) வைத்தவர்களுக்கும் கூடவே கூடாது. துடிப்பு நின்றதும் அந்தக் கையின் பல்ஸ் ஆக்சிமீட்டர் அளக்க முடியாமல் போய்விடும். திசு ஆக்சிமீட்டர் மட்டும் படிப்படியாக இறங்குவதைக் காட்டும். பட்டையைத் தளர்த்தியதும் எண் பழைய அளவையும் தாண்டி ஏறி, பிறகு அடங்கும்.

படி 5: படி 4-இல் இரண்டு கருவிகளும் தந்த வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். இறங்கும் வேகம், தொட்ட அடிமட்டம், மீண்டு வந்த விதம் ஆகியவற்றைப் பாருங்கள். தொடக்க எண்ணில் உள்ள வித்தியாசத்தை வைத்து எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கீட்டு முறையை வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்தின் குழந்தை சென்சாரும் பெரியவர் சென்சாரும்கூட ஒரே இடத்தில் வேறு வேறு எண் தரலாம். எனவே எண்ணைக் குறிக்கும்போதே கருவியின் மாடலையும் சென்சார் வகையையும் ஒட்டிய இடத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.